சிற்றியந்திரத்தின் பல பிறவிகள்

பெருவேக வாகனங்களை நாம் வியந்து நோக்குகின்றோம். ஆயின், தொழிலாளரை நாள்தோறும் வேலைத்தலத்துக்குச் சுமந்து சென்ற எளிய வாகனங்களின் வரலாறு அவற்றினும் சுவையுடையது. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்னும் மோட்டார் சைக்கிள் இதற்குத் தக்க சான்றாகும்.

சக்சனியிலுள்ள சோப்பாவ் நகரில் 1939ஆம் ஆண்டளவில் இது தோன்றியது. வகுத்தவர் ஹேர்மன் வெபர் என்னும் பொறியியலாளர். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஈரடிப்பு எஞ்சினும் மூன்று கியர்களுமே இதன் உடைமை.

முன்னைய ஈரடிப்பு எஞ்சின்களில், புதிய எரிவாயு புகையோடு வீணே வெளியேறாதிருக்கப் பிஸ்டனின் தலையில் ஒரு மேடு அமைப்பர். அதனால் பிஸ்டன் கனத்தது; சூடேறியது. இவ்வெஞ்சினிலோ எரிவாயு இரு துளைகளாற் புகுந்து, உருளையின் பின்சுவரிற் பட்டுச் சுழன்று, புகையை வெளித்தள்ளும். பிஸ்டனின் தலை ஏறத்தாழத் தட்டையாயிற்று. எரிபொருட் செலவுங் குறைந்தது. இவ்வுத்தி அடோல்ப் ஷ்னூர்லே என்பாருடையது.

1945இற் போர் முடிந்தது. சோப்பாவ் தொழிற்சாலையின் பொறிகளைச் சோவியத் அதிகாரிகள் போரிழப்பீடாகக் கழற்றிச் சென்றனர். வெபரும் அந்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தோற்ற நாட்டின் காப்புரிமைகள் வென்றோர்க்குப் பொதுச்சொத்தாயின. சோவியத் நாட்டில் 'மொஸ்க்வா', அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் சிறுவண்டி, இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. 'பன்ரம்' என இவ்வமைப்புப் பல பிறவி எடுத்தது. ஆங்கிலேயர் அதனைக் கண்ணாடியிற் கண்டாற்போல் இடம் வலமாக மாற்றிக்கொண்டனர். யப்பானில், இசைக்கருவி செய்து புகழ்பெற்ற யமஹா நிறுவனத்தாரின் முதல் மோட்டார் சைக்கிளும், 1955இல், இதனையே தழுவி வந்தது. மக்கள் அதனைச் 'செந்தும்பி' என்றழைத்தனர்.

இஃது அறமாகுமா என நாம் வினவலாம். பன்ரம் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே வெபர் சோவியத் மண்ணில் உயிர்நீத்தார். தம் படைப்பு உலகெங்கும் ஓடியதை அவர் காணவில்லை. உழைத்தவன் ஒருவன், பயன்கொண்டோர் பலர் என்னுங் குறை இவ்வரலாற்றில் நீங்காது நிற்கின்றது.

எனினும், பொறிகளைக் கழற்றலாம். கைத்திறனைக் கழற்றுதல் அரிது. மேற்கே சென்றோர் 1949இல் இங்கோல்ஸ்டாட் நகரில் அவ்வண்டியை மீண்டுஞ் செய்தனர். வெறுமையாக்கப்பட்ட சோப்பாவிலும் 1950இல் அதுவே மறுபடி உருவாயிற்று. நாடு இரண்டாய்ப் பிளந்தது. இரு பாதியிலும் தொழிலாளர் ஏறிச் சென்றது ஒரே வண்டியில்.