ஓர் இயந்திரம் நின்றுவிட்டால்

இரண்டு இயந்திரங்கள் பூட்டிய விமானத்தில் ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் என்று நம்புவது இயல்பு. உயரப் பறக்கும் வேளையில் அந்நம்பிக்கை பெரும்பாலும் சரியே. சிறிய பயிற்சி விமானமொன்று ஓடுபாதையை விட்டெழுந்த முதல் நிமிடத்திலோ அது பொய்த்துவிடக் கூடும்.

அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த பைப்பர் 'ருவின் கொமான்சி' விமானத்தை எடுத்துக்கொள்வோம். தலா 160 பரிவலுக் கொண்ட இரு இயந்திரங்களும் இயங்கினால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,460 அடி மேலேறும். ஒன்று நின்றால் அதில் அரைவாசியாவது ஏறும் என்று கணக்கிடுவோர் ஏமாறுவர். ஏறுவது 260 அடி மாத்திரமே. விமானம் தாழாது மட்டமாகப் பறப்பதற்கே வலுவின் கணிசமான பங்கு செலவாகின்றது. எஞ்சுவதே அதனை மேலே தூக்குவது. பாதி வலு போகும்போது அழிவது அந்த எச்சந்தான். அந்த 260 அடியுங்கூட, சக்கரங்களை உள்ளிழுத்து, நின்ற விசிறியின் அலகுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிய பின்னரே கிட்டும்.

இதனினும் கொடியது திசை தவறுதல். இயங்கும் பக்கம் முன்னே தள்ள, விமானத்தின் மூக்கு நின்ற பக்கம் திரும்பும். விமானி சுக்கானை மிதித்து அதனைத் தடுக்கிறார். ஆனால் சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மேல் மோதும் காற்று. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால், முழுவதும் மிதித்தாலும் பயனில்லை, விமானம் புரண்டுவிடும். வேகமானியிற் செங்கோடு காட்டுவது இவ்வெல்லையையே.

1960களிற் போதனாசிரியர்கள் இவ்வெல்லையை மாணவருக்குக் காட்டவென்றே வேகத்தைக் குறைத்தனர். 'ருவின் கொமான்சி'கள் சில அவ்வாறே சுழன்று வீழ்ந்தன. கற்பித்தவரும் கற்றவரும் மாண்டனர். மணிக்கு 80 மைலென வகுத்திருந்த எல்லை பின்னர் 90 ஆக உயர்த்தப்பட்டது. 1970இல் விசிறிகள் எதிரெதிராகச் சுழலும் வகையும் வந்தது. இன்று அமெரிக்க விதிமுறைப்படி இச்செயல்விளக்கம் தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே நடைபெறலாகாது. உயரமும் முற்றான காப்பன்று. அங்கே காற்று அடர்த்தி குறைய, இயந்திரவலுவும் குறைகிறது; அதனால் திசை தவறும் வேகமும் இறங்குகிறது. இறக்கை தன் தாங்குதிறனை இழக்கும் வேகமோ இறங்குவதில்லை. இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் விளைவது சுழல்வீழ்ச்சி.

நின்றது எது என்பதைக் காலே சொல்லும்: எக்கால் மிதிக்காது சும்மா கிடக்கிறதோ அப்பக்கத்து இயந்திரமே நின்றது. ஆயினும் பதற்றத்தில் நல்ல இயந்திரத்தையே நிறுத்தியவர் உண்டு. ஆகவே, ஐயத்துக்குரியதன் வலுக்கோலை முதலிற் பின்னிழுத்துப் பார்க்கவேண்டும். விமானத்தில் மாற்றமெதுவும் தோன்றாவிடில் அதுவே நின்றது என்பது உறுதி. பின்னரே விசிறியைத் திருப்புவது.

மிகக் கடினமானது பிறிதொன்று. வேகம் செங்கோட்டை நெருங்கி விமானம் புரளத் தொடங்கினால், இயங்கும் இயந்திரத்தின் வலுவையும் குறைத்து மூக்கைத் தாழ்த்தவேண்டும். தரை அண்மையில் இருக்கும்போது மனம் இதற்கு இலேசில் இணங்காது. ஆதலாற்றான், எவ்வேகத்தில், எவ்வுயரத்தில் இயந்திரம் நின்றால் இரண்டையும் அடக்கி நேர்முன்னே இறங்குவது என்பதை, ஓடுபாதையின் தலைப்பில் நிற்கும்போதே மாணவர் வாய்விட்டுச் சொல்லும்படி பயிற்றப்படுகின்றனர்.