காருக்குள் வரும் கெட்ட வாடை: மூக்கை வைத்தே டிபக் பண்ணலாம்



போன எபிசோட்ல வீட்டுக் காற்றின் தரத்தை அளக்கும் சின்னச் சின்ன சென்சார்கள் பற்றிப் பேசினோம் இல்லையா? அதைக் கேட்டுவிட்டு டொராண்டோ பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஸ்யூவி வாங்கியிருக்கார். வாங்கும்போது உள்ளே நல்ல பெர்ஃப்யூம் வாசம். ரெண்டு வாரத்தில் அது போய், ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. இரண்டு தடவை காசு கொடுத்து இன்டீரியர் க்ளீனிங் பண்ணியாச்சு. நாலு நாள் நல்லா இருக்கு, அஞ்சாம் நாள் திரும்ப வந்துடுது. பின் சீட்டில் உட்காரும் பையனுக்கு ஆஸ்துமா. காரில் ஏறினாலே இருமுகிறான். "இதைக் கண்டுபிடிக்க ஏதாவது சென்சார் இருக்கா?" என்று கேட்டிருந்தார்.

சென்சார் இருக்கு, ஆனால் இந்த வேலைக்குப் பெரிதாக உதவாது. மலிவாகக் கிடைக்கும் விஓசி மீட்டர், காற்றில் ஏதோ ஆவி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது பூஞ்சையா, பெட்ரோலா, கண்ணாடியில் தொங்கும் பெர்ஃப்யூம் அட்டையா என்று பிரித்துச் சொல்லாது. நம்ம மூக்கு அதைவிடக் கெட்டி. மழை பெய்ததும் வரும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின், தண்ணீரில் ஒரு டிரில்லியனில் சுமார் 10 பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். மூக்குக்கு ஒரு குறை உண்டு: சில நிமிடங்களிலேயே பழகிவிடும். அதனால் தினமும் அந்தக் காரை ஓட்டுபவரை விட, எப்போதாவது ஏறுகிற நண்பர்தான் இந்த வேலைக்குச் சரியான ஆள்.

முதலில், தாமதிக்கக் கூடாத வாடைகள்

க்ளீனிங் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைப் பாருங்க. இதில் ஒன்று என்றால் நேராக மெக்கானிக்கிடம் போகணும்.

பெட்ரோல் வாடை: பெட்ரோல் போட்டு மூடியைச் சரியாக மூடாததாகக்கூட இருக்கலாம். மூடியைச் சரிபார்த்த பிறகும் வந்தால் எங்கோ கசிகிறது. வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.

இனிப்பான வாடை, கூடவே முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம்: ஹீட்டர் கோர் கசிந்து கூலன்ட் உள்ளே வருகிறது என்பதற்கு அடையாளம். கூலன்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். குழந்தைக்கும் நாய்க்கும் அது விஷம்.

அழுகிய முட்டை வாடை: ஹைட்ரஜன் சல்ஃபைடு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கோளாறாக இருக்கலாம், இல்லையென்றால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது.

பிளாஸ்டிக் கருகும் வாடை: ஒயர் சூடாகிறது. ஓரமாக நிறுத்தி, ஆஃப் பண்ணி, எல்லாரும் இறங்கிடுங்க. எலெக்ட்ரிக் காரில் விநோதமான கெமிக்கல் வாடையோ புகையோ வந்தாலும் இதேதான்.

புகைக்குழாய் வாடை: இதுதான் ரொம்ப முக்கியம். புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை நாற்றம் உள்ளே வந்தால் அதுவும் கூடவே வருகிறது என்றே எடுத்துக்கொள்ளணும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் இருந்தால் உடனே வெளிக்காற்றுக்குப் போகணும். பனி கொட்டும் ஊரில் இருப்பவர்கள், புகைக்குழாயை மூடியிருக்கும் பனியைத் தள்ளிவிட்டுத்தான் எஞ்சினை ஆன் பண்ணணும். "குழந்தைகளை முதல்ல சூடா உள்ள உட்கார வெச்சுட்டு, அப்புறம் பனியை எடுக்கலாம்" என்ற வேலையே வேண்டாம்.

எப்போது வருது? அதை எழுதி வையுங்க

நம்ம நேயர்களில் பாதிப் பேர் சாஃப்ட்வேர்காரர்கள். ஒரு பிழை எப்போது வருகிறது என்று தெரியாமல் கோடில் கை வைக்க மாட்டீங்க இல்லையா? இதுவும் அப்படித்தான். பெர்ஃப்யூம் அட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஜன்னலை மூடி வையுங்க. காலையில் கதவைத் திறந்த முதல் மூச்சில் வாடை இருந்தால், மூலம் பெரும்பாலும் சீட், கார்ப்பெட், டிக்கி பக்கம்.

அடுத்து எஞ்சினை ஆன் பண்ணி, வெளிக்காற்று மோடில் ஃபேன் மட்டும் ஓடட்டும். பிறகு ஏ.சி. அதன் பிறகு ஹீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடம் கீழே இறங்கி நல்ல காற்று வாங்கிட்டு வாங்க. ஏ.சி. போட்ட முதல் நிமிடத்தில் வந்து, பிறகு குறைந்தால் எவாப்பரேட்டர். ஃபேன் போட்டாலே தூசியும் இலைக் குப்பையும் கலந்த வாடை என்றால் ஃபில்டர். மழைக்கு மறுநாள் அதிகமானால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. வெயிலில் நிறுத்தினால் அதிகமாகும் புளித்த வாடை, சிந்திய சாப்பாடு.

ஏ.சி.யில் இருந்து வருதா?

டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர்தான் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே தண்ணீர் முத்து முத்தாக நிற்பது போல, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் தண்ணீராகப் படியும். அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டணும். வண்டியை நிறுத்தியதும் எவாப்பரேட்டர் இருட்டில், ஈரமாக, தூசியோடு அப்படியே இருக்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறு என்ன வேணும்?

புழுக்கமான நாளில் ஏ.சி.யைப் போட்டு வண்டியை கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் பாருங்க. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழணும். விழவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கலாம். அந்தத் தண்ணீர் டாஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட்டில் இறங்கும்.

சரி பண்ண மூன்று வேலை. ஒன்று, கேபின் ஃபில்டரை மாற்றுவது. பல கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றலாம். ஆக்டிவேட்டட் கார்பன் உள்ளதாக வாங்குங்க. குளிர்காலத்தில் எலி அங்கே கூடு கட்டுவது உண்டு, அதனால் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க. இரண்டு, குழாய் அடைப்பை எடுப்பது. மூன்று, எவாப்பரேட்டருக்கென்றே விற்கும் ஃபோம் க்ளீனரை அடிப்பது. எந்த வழியாக அடிக்கணும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பார்த்துக்கோங்க.

திரும்ப வராமல் இருக்க, வீடு வந்து சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை மட்டும் அணைத்து, ஃபேனை வேகமாக ஓட விடுங்க. எவாப்பரேட்டர் காய்ந்துவிடும். புதிய ஹ்யூண்டாய், கியா மாடல்கள் சிலவற்றில் இதற்கு ஆஃப்டர் ப்ளோ என்று ஒரு செட்டிங்கே உண்டு. வண்டியை ஆஃப் பண்ணிய கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாக ஓடி ஈரத்தைக் காய வைக்கும். உங்கள் காரில் இருந்தால் ஆன் பண்ணி வையுங்க.

ஈரம் எங்கே ஒளிந்திருக்கு?

கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கலாம். அதன் அடியில் கனமான ஃபோம் இருக்கிறது, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். கிச்சன் பேப்பரை நாலாக மடித்து கார்ப்பெட் மேல் வைத்து, அதன் மேல் ஏறி அரை நிமிடம் நில்லுங்க. நாலு இருக்கைப் பக்கமும் இப்படிப் பண்ணுங்க. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் தொட்டுப் பாருங்க.

டொராண்டோ நேயரிடம் இதைத்தான் பண்ணச் சொன்னோம். பின் சீட்டுக் கால் பக்கம் பேப்பர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. சன்ரூஃப் இருக்கும் கார்களில், அதன் ஓரத்தில் விழும் மழைத் தண்ணீர் நான்கு மூலையிலும் உள்ள மெல்லிய குழாய் வழியாக வெளியே போகும்படி வைத்திருப்பார்கள். அவர் காரில் பின் மூலைக் குழாய் இலையும் சேறுமாக அடைத்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கி, சரியாகப் பையனின் காலடியில் தேங்கியிருக்கிறது. க்ளீனிங் பண்ணியவர்கள் மேல்பக்கத்தைத்தான் கழுவினார்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துவிட்டார்கள்.

இப்படி இருந்தால் முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்கணும், பிறகுதான் காய வைப்பது. கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் மரக்கட்டை வைத்து, கராஜில் டிஹ்யூமிடிஃபையரை இரண்டு மூன்று நாள் ஓட விடுங்க. ஃபோமில் பூஞ்சை ஊறியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதில் சிக்கனம் வேண்டாம். சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை: அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அதை மெக்கானிக்கிடம் விடுங்க. இன்னொன்று, பல கார்களில் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் எலெக்ட்ரானிக் மாட்யூல்கள் இருக்கும். ஈரத்தை அப்படியே விட்டால் கனெக்டர் துருப்பிடித்து, வாடைப் பிரச்சினை ஒரு பெரிய ரிப்பேர் பில்லாக மாறும்.

பால் கொட்டினால் ஒன்று, மீன் கொட்டினால் வேறு

பால் கெடும்போது அதன் கொழுப்பிலிருந்து பியூட்டிரிக் அமிலம் பிரிகிறது. வாந்தியின் வாடையிலும் இதே அமிலம்தான். அமிலம் என்பதால் சமையல் சோடா இதற்கு வேலை செய்யும்.

மீன் தலைகீழ். அந்தக் கவிச்சி ட்ரைமெத்திலமைன் என்ற காரப் பொருள். அமிலம் பட்டால் அது உப்பாக மாறி, ஆவியாகாமல் தங்கிவிடும். நம்ம வீட்டில் மீனைப் புளியோ எலுமிச்சையோ போட்டுக் கழுவுவது இதே வேதியியல்தான். தமிழ்க் கடையில் வாங்கிய மீன் பை டிக்கியில் ஒழுகியிருந்தால், தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் துடைத்து எடுங்க. சோடா பெரிதாக உதவாது.

சாம்பார், குழம்பு, பால், வாந்தி எதுவாக இருந்தாலும் மிச்சத்தை முழுசாக எடுக்க என்சைம் க்ளீனர்தான் சரி. அதிலுள்ள என்சைம்கள் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். அதற்கு நேரம் வேணும், ஈரமாகவே விட்டு வைக்கணும். கொதிநீரோ ப்ளீச்சோ சேர்த்தால் என்சைம் செத்துவிடும். குழந்தை சீட்டின் துணி, சீட் தண்டவாளம், சீட் பெல்ட் மூன்றையும் பார்க்க மறக்காதீங்க.

வேண்டாத வைத்தியம்

பெர்ஃப்யூம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். ஓசோன் மெஷின் சில வாடைகளைப் போக்கும். ஆனால் ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும், ரப்பரையும் கெடுக்கும். ஈரம் உள்ளே இருந்தால் வாடை திரும்ப வரும். வேறு வழியே இல்லாமல் பண்ணினால், உள்ளே யாரும் இருக்கக் கூடாது, பிறகு கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விடணும்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு: உள்ளே பெர்ஃப்யூம் தூக்கலாக இருந்தால் கொஞ்சம் உஷாராகுங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து தண்ணீர்க் கறை இருக்கா பாருங்க, ஸ்டெப்னிக் குழியில் கை விடுங்க, கிச்சன் பேப்பர் டெஸ்ட் பண்ணுங்க. ஐந்து நிமிட வேலைதான். விற்கிறவர் அதற்கு முகம் சுளித்தால் வேறு வண்டி பாருங்க.

உங்கள் காரில் என்ன வாடை, எப்போது வருது என்று இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து துப்பறிவோம்!