மரமும் மண்ணும் பெற்றெடுத்த கருப்பு

ஜப்பானின் தென்பகுதியில், கியூஷுவுக்கும் ஒகினாவாவுக்கும் இடையே அமாமி ஓஷிமா என்ற தீவு இருக்கிறது. அங்கே கையால் சாயமிடப்பட்ட ஒரு பருத்தி ஸ்வெட்ஷர்ட்டை வெயிலில் திருப்பிப் பார்த்தால், கருப்புக்கு அடியில் செம்பழுப்பு மெல்லத் தெரியும். ஆலைச் சாயத்தின் கருப்பில் இந்த ஆழம் இருப்பதில்லை. ஒரு மரம் பாதியும் ஒரு சேறு பாதியும் கொடுக்க, இழைக்குள்ளேயே பிறந்த நிறம் இது. சேற்றில் தோய்த்துச் சாயமேற்றும் இந்தக் கலையை தொரொஸொமே என்கிறார்கள்.

படைப்பின் வேலை சாயத் தொட்டிக்கு வெகு முன்பே, பருத்திக் காய்க்குள் தொடங்கிவிடுகிறது. பருத்தி இழை என்பது விதைத்தோலில் முளைக்கும் ஒரே ஒரு செல். பூ மலர்ந்த நாளில் அது நீளத் தொடங்கி, இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை வளர்கிறது. அதன் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீளம், அவ்வளவும் ஒரே செல்! நீண்டு முடித்ததும் உள்ளே அடுக்கடுக்காகச் செல்லுலோஸ் சேர்கிறது. காய் வெடித்து இழை உலரும்போது, அது தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன. அந்தச் செல்லுலோஸ் தண்ணீரை விரும்புவதால்தான் சாயம் உள்ளே போக வழி கிடைக்கிறது.

அடுத்தது மரம். ஷரின்பாய் என்பது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான ஒரு சிறுமரம். கடற்காற்றைத் தாங்கி வளரும். சிறிய வெண்பூக்கள் பூக்கும். பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடாமல் இருக்க மரங்கள் தமக்குள் சேர்த்துவைக்கும் துவர்ப்புப் பொருள் டானின். ஷரின்பாய் அதை நிறையவே வைத்திருக்கிறது. தண்டையும் வேரையும் சிறு துண்டுகளாகச் சீவி, பெரிய கொப்பரையில் சுமார் 14 மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். செம்பழுப்புச் சாறு இறங்கும். சாறு கொடுத்து ஓய்ந்த துண்டுகளைக் காயவைத்தால், அவையே அடுத்த கொப்பரைக்கு விறகு. தன்னைக் காத்துக்கொள்ள மரம் வைத்திருந்த துவர்ப்பு, மனிதருக்கு உடையின் நிறமாகிறது.

மூன்றாவது சேறு. சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைய மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று தீவில் சொல்கிறார்கள். மாவைப்போல் நுண்ணிய அந்தச் சேற்றில் இரும்பு மிகுதி. பூமியின் இரும்பு முழுவதும், பூமி தோன்றும் முன்பே நட்சத்திரங்களில் உருவானது. ஆனால் காற்றுப் பட்ட இரும்பு துருவாக இறுகிவிடும்; இழைக்குள் நுழையாது. காற்று எட்டாத சேற்றின் அடியிலோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் துருவின் இரும்பை நீரில் கரையும் வடிவத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. சேறு வலுவிழந்துவிட்டதாகத் தோன்றினால், கைவினைஞர்கள் சைக்கஸ் இலைகளை வெட்டி அதில் போடுவார்கள். பூக்கும் செடிகள் பூமிக்கு வருமுன்பே இருந்த தாவர வகையைச் சேர்ந்தது அது. அந்த இலைகளால் சேறு மீண்டும் கருப்பு கொடுக்கத் தொடங்கும்.

இப்போது சாயமிடுபவரின் முறை. ஸ்வெட்ஷர்ட் கெட்டியான பின்னல் துணி, நனைந்தால் கனக்கும். அதை மரச்சாற்றில் தோய்த்துப் பிசைவார், பிழிவார், சுண்ணாம்பு நீரில் அலசுவார், மறுபடி தோய்ப்பார். துணி இளஞ்சிவப்பாகி, செங்கல் நிறமாகி, அடர்பழுப்பாகும். பிறகு இடுப்பளவு சேற்றுக்குட்டையில் இறங்கி, சேற்றை வாரி வாரி அதில் தேய்ப்பார். கரைந்த இரும்பு இழைக்குள் போய் டானினைக் கைப்பற்றும். வெளியே எடுத்ததும் காற்று வந்து சேரும். இரும்பும் டானினும் கரையாத கருப்பாக இழையிலேயே உறைந்துவிடும். அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கும்போது விரலில் ஏறும் கருங்கறைக்கும் இது ஒரு காரணம். கலம்காரியில் கடுக்காய் ஊட்டிய துணிமேல் இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கருங்கோடு இழுப்பதும் இதே விதிப்படிதான். கடல்கள் பிரித்த மக்களுக்கு இயற்கை ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஒரு தடவை தோய்த்தால் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். தீவின் புகழ்பெற்ற ஓஷிமா த்சுமுகிப் பட்டுக்கு மரச்சாற்றில் சுமார் 20 முறையும் சேற்றில் ஒரு முறையும் என ஒரு சுற்று. அப்படி மூன்று, நான்கு சுற்றுகள். அந்தப் பட்டு வழியாக வந்த கைப்பழக்கமே இன்று பருத்திச் சட்டைகளுக்கும் பயன்படுகிறது. 1720-இல் தீவை ஆண்ட சத்சுமா ஆட்சியாளர்கள், தீவு மக்கள் பட்டு உடுத்தக் கூடாது என்றார்களாம். ஒரு பெண் தன் உடையைச் சேற்றில் ஒளித்துவைத்து, பிறகு எடுத்துப் பார்த்தபோது அது அழகிய கருப்பாக மாறியிருந்ததாம். இந்தச் சாயத்தின் பிறப்பைப் பற்றிப் பரம்பரையாகச் சொல்லப்படும் கதை இது. அதிகாரம் பறிக்க நினைத்ததை மண் வாங்கி, மேலும் அழகாக்கித் திருப்பிக் கொடுத்தது என்று அந்த மக்கள் நம்புவதில் ஓர் உண்மை இருக்கிறது.

தைத்து முடித்த சட்டையைத் தோய்க்கும்போது இன்னொன்று தெரியவரும். பாலியெஸ்டர் நூலால் போட்ட தையல் பெரும்பாலும் நிறம் ஏற்காமல் வெளிறியே நிற்கும். பருத்தி மட்டும் கருப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு செடி செய்த செல்லுக்கும் ஒரு மரம் செய்த துவர்ப்புக்கும் இருக்கும் உறவு அது.

கடைசி அலசல் ஓடைநீரில். மலைக்காடு இருக்கும்வரைதான் அந்த ஓடை. ஓடை தெளிவாக இருக்கும்வரைதான் இந்தச் சாயம். அமாமியின் காடு 2021-இல் யுனெஸ்கோவின் உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தக் காட்டைக் காப்பதும் இந்தக் கருப்பைக் காப்பதும் ஒரே வேலை. மரத்தின் துவர்ப்பையும் நட்சத்திரத்தின் இரும்பையும் சேற்றின் நுண்ணுயிரையும் எந்தக் கைவினைஞரும் படைக்கவில்லை. அவை சந்திக்கும் இடத்தைக் கண்டுகொண்டு, சலிக்காமல் துணியைத் தோய்த்தார்கள். மனிதருக்கு வாய்த்த பங்கு அது. அதுவே பெரும் பேறு.