கெட்டது பாடமா, தோற்றமா? கணினியில் அரபும் தமிழும்

திருமண அழைப்பிதழின் முகப்பில் அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தைப் பொறிப்பது நம்மவரிடையே பரவலான வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடைபெறவிருந்த நிக்காஹ் ஒன்றிற்கான அழைப்பிதழை இராஜபாளையத்தில் ஒரு கணினி அச்சுக்கோப்பு நிலையத்தில் ஆயத்தம் செய்தனர். மெய்ப்பு என் பார்வைக்கு வந்தது. திருவசனத்தின் எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நின்றன. வரிசையும் இடமிருந்து வலமாக மாறியிருந்தது.

நேரில் சென்றபோது மற்றொரு குறையும் தெரிந்தது. கணினியில் அரபு மொழியைச் சேர்த்த நாள் முதலாக அங்கிருந்த பழைய தமிழ்க் கோப்புகளில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற அரபு எழுத்துகள் தோன்றின. பணியிலிருந்த இளைஞர் வசனத்தை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சிட முனைந்தார். அவர் அரபு அறியாதவர். தடுத்திராவிட்டால், வெறும் தோற்றப் பிழை பாடப் பிழையாகவே ஆகியிருக்கும்.

இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கணினி எழுத்தை வடிவமாகச் சேமிப்பதில்லை. எண்ணாகவே சேமிக்கிறது, அதுவும் நாம் ஒலிக்கும் வரிசையில். ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் நிற்பினும், ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதிவாகின்றன. அரபியில் ஐன் எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் தனித்தும் நான்கு வடிவம் கொள்ளினும், அதற்குரிய எண் ஒன்றே. எண்ணை வடிவமாக்கித் திசையறிந்து அடுக்குவது மென்பொருளின் பணி. அப்பணி பிழைத்தால் தோற்றம் கெடுமேயன்றிப் பாடம் கெடாது.

இதைச் சோதிப்பது எளிது. ஐயத்திற்குரிய பகுதியை நகலெடுத்து நோட்பேட் செயலியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே செம்மையாகத் தெரிந்தால் பாடம் நலமாக உள்ளது. அந்த வசனம் அங்கே செம்மையாகவே தெரிந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருள் மிகப் பழையது. அரபு எழுத்தை இணைக்க அறியாதது. இன்டிசைன் போன்றவற்றின் புதிய பதிப்புகளில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்னும் அமைப்பைத் தெரிவு செய்தால் அரபும் தமிழும் முறையாக அமையும். கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமென்று எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகத் தட்டச்சிடுவோர் உளர். அது பெருந்தவறு. அக்கோப்பை நல்ல மென்பொருளில் திறக்கும் நாளில் வசனம் தலைகீழாகிவிடும்.

இனி, பழைய தமிழ்க் கோப்புகள். ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே அரபுக்கும் தமிழுக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. ஆயினும் பழைய எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள்ளேயே தமிழை அமைத்திருந்தன. அவ்வெண்களை எந்த மொழியாகப் படிப்பது என்பதை விண்டோஸில் ‘ஒருங்குறி அல்லாத செயலிகளுக்கான மொழி’ என்னும் அமைப்பு முடிவு செய்கிறது. அதை அரபு என மாற்றியதே கோளாறுக்குக் காரணம். முன்போல் ஆங்கிலத்திற்கு மாற்றிக் கணினியை மறுபடி இயக்கியதும் தமிழ் திரும்பியது. ஒருங்குறியில் அரபு எழுத இவ்வமைப்பை மாற்றத் தேவையே இல்லை.

அன்றாடம் நேரும் வேறு சில சிக்கல்களும் உள. தமிழ்ப் பத்தி திடீரென வலப்பக்கம் ஒதுங்கி, முற்றுப்புள்ளி இடக்கோடியில் போய் நின்றால், கண்ட்ரோல் விசையோடு வலப்பக்க ஷிஃப்ட் அழுந்தியிருக்கும். கண்ட்ரோலும் இடப்பக்க ஷிஃப்டும் அதைச் சீராக்கும். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தோன்றினால், அவ்வெழுத்துருவில் அந்த எழுத்து இல்லை என்பதே பொருள். எழுத்துருவை மாற்றினால் போதும். கண்ணெதிரே உள்ள அரபுச் சொல் தேடலில் அகப்படாவிடின், அது உருது விசைப்பலகையில் தட்டச்சானதா என்று காண்க. அரபுக்கும் உருதுக்கும் யா, காஃப் ஆகியவை தோற்றத்தில் ஒத்தும் எண்ணில் வேறுபட்டும் இருக்கின்றன. அடைப்புக்குறியும் வசன எண்ணும் இடம் மாறினால், அவற்றை அடுத்து ‘வலமிருந்து இடம்’ என்னும் புலப்படாத திசைக்குறியை இட வேண்டும்.

அரபியரல்லாதார் ஓதுகையில் பிழைபட்டபோது, அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு ஹிஜ்ரி 69) உயிரொலிகளைக் காட்டப் புள்ளிகள் இட்டார் என்பது வரலாறு. பின்னர் கலீல் இப்னு அஹ்மத் இன்றுள்ள ஹரகத் குறிகளை வகுத்தார். இருவரும் வாசிப்புக்கு உதவினரேயன்றி மூல எழுத்தைத் தொட்டாரல்லர். கணினியின் முன் அமர்வோர்க்கும் அதுவே வழி.

அழைப்பிதழை எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக்கிச் சிவகாசிக்கு அனுப்பினோம். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிடினும் பாதகமில்லை. ஆயினும் அனுப்பும் முன் வசனத்தை முஸ்ஹஃபோடு ஒப்பிட்டு வாய்விட்டு ஓதிப் பார்த்தோம். திருவசனம் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். எந்த மென்பொருளும் அப்பொறுப்பை நம்மிடமிருந்து ஏற்றுக்கொள்ளாது.