ஊருக்குக் கிளம்பும் சைபீரிய விருந்தாளிகள்! கோவளம் சேற்றில் கடைசி விருந்து

சென்னை, மார்ச்-

கிழக்கு கடற்கரை சாலையில் மாமல்லபுரம் பஸ்சில் போகிறவர்கள் முட்டுக்காடு பாலம் வந்ததும் என்ன செய்வார்கள்? படகுத் துறையை எட்டிப் பார்ப்பார்கள். பிறகு தூங்கிவிடுவார்கள்.

பாலம் தாண்டி மேற்கே பாருங்கள். தண்ணீர் வற்றி, சேறும் சகதியுமாக ஒரு வெளி கிடக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளையாக ஏதாவது நின்றால் "கொக்கு" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள்.

கொக்கும் உண்டுதான். ஆனால் அதன் காலடியில் சின்னதாக, சாம்பல் நிறத்தில், எலி மாதிரி குடுகுடுவென்று ஓடுகிறதே, அது சைபீரியாவில் இருந்து வந்த பறவை! அதற்கு இப்போது ஊருக்குப் போகிற அவசரம்.

மூட்டை கட்டும் மாதம்

பஞ்சாங்கப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் பிறப்பது சித்திரையில்தான். ஆனால் இந்தப் பறவைகளுக்கு வசந்தம் இப்போதே வந்துவிட்டது.

ஆவணி, புரட்டாசியில் இருந்தே வரத் தொடங்கும் கூட்டம் இது. ஆறு மாதத்துக்கு மேல் நம் ஊர் வெயிலில் காய்ந்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே கிளம்பும். முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான்.

அந்தச் சின்னப் பறவைக்குப் பெயர் கொசு உள்ளான். உருவம் சிட்டுக்குருவி அளவு. எடை சுமார் 25 கிராம்! நாட்டு மருந்துக் கடையில் கட்டித் தருகிற கசகசா பொட்டலம் அவ்வளவு இருக்கும். அது இங்கிருந்து புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, ஆர்க்டிக் கடல் ஓரத்துப் பனிவெளிக்குப் போய்ச் சேர வேண்டும்.

பஸ்சுக்கு டீசல் போல இதற்குக் கொழுப்பு. சேற்றில் இருக்கும் புழு, பூச்சி முட்டை, கண்ணுக்குத் தெரியாத சின்ன இறால் வகை, எல்லாவற்றையும் கொத்திக் கொத்தித் தின்று உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. அதுதான் வழியில் எரிகிற எரிபொருள். அரைகுறையாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நடுவழியில் சாவுதான். அதனால்தான் மார்ச் மாதத்தில் உள்ளான்கள் தலை நிமிராமல் தின்கின்றன. பகலில் போதாது என்று ராத்திரியிலும் மேயும்!

புது வேஷ்டி, புதுத் தொப்பி

ஊருக்குப் போகிறவர்கள் புதுத்துணி உடுத்துவது போல, இவையும் இந்த மாதத்தில்தான் நிறம் மாறுகின்றன.

கோவளம் பக்கம் பறக்கும் கடற்காகத்தைக் கவனியுங்கள். டிசம்பரில் பார்த்தால் தலை வெள்ளை. காதோரம் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். இப்போது பார்த்தால் தலை முழுக்க காப்பிப் பொடி நிறத்தில் தொப்பி போட்டதுபோல் இருக்கும். இது திபெத், லடாக் பக்கத்து உயரமான ஏரிகளில் குடும்பம் நடத்துகிற பறவை.

கருவால் மூக்கன் என்று ஒன்று. நீண்ட கால், அதைவிட நீண்டதாகத் தோன்றும் அலகு. மாதக்கணக்கில் புழுதி நிறத்தில் நின்ற இதன் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு வர ஆரம்பித்திருக்கும். உப்புக்கொத்திகளிலும் சிலவற்றின் மார்பு சிவக்கும்.

போன வருஷம்தான் பிறந்த இளசுகள் பல, ஊருக்கே போகாமல் கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடும். அவற்றுக்குப் புதுச்சட்டை கிடையாது. ஜூன் மாதத்தில் கழியில் வெளிறிப்போய் நிற்கும் உள்ளானைக் கண்டால், "வழி தவறியதோ" என்று பரிதாபப்பட வேண்டாம்.

நாலு விரற்கடை தண்ணீர்

ஏன் இந்த இடம்? பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்கு கடற்கரை சாலைக்கும் நடுவில், பக்கிங்காம் கால்வாயோடு சேர்ந்து கிடக்கிறது இந்த உப்பங்கழி. ஓரத்தில் கேளம்பாக்கம் உப்பளங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழி நிரம்பிவிடும். அப்போது வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் கொண்டாட்டம். தை பிறந்ததும் தண்ணீர் வற்ற வற்ற, சேறு வெளியே தெரியும். உள்ளான்களுக்கு அதுதான் பந்தி.

விஷயம் கால் நீளத்தில் இருக்கிறது. கொசு உள்ளானுக்கு ஒரு விரற்கடை தண்ணீருக்கு மேல் ஆகாது. மூக்கனுக்கு நாலைந்து விரற்கடை. பூநாரை முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலும் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து வடிகட்டித் தின்னும். ஒரே வெளியில் இப்படி ஆளுக்கு ஒரு ஆழம். தண்ணீர் ஒரு முழம் உயர்ந்தால் சின்னக் கால்காரர்கள் எல்லாம் பட்டினி.

இந்தச் சேறு பறவைக்கு மட்டும் சோறு போடவில்லை. இதே கழியில் தண்ணீரில் அமர்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். வலை இல்லை, படகு இல்லை. பிடித்த இறால் கூடைக்குள் போகிறது. அன்றைய வரும்படி அதுதான்.

அணை வந்தால்?

இங்கேதான் சிக்கல். கோவளத்துக்கும் திருப்போரூருக்கும் இடையே, மழைநீர் கடலுக்குப் போகாமல் தேக்கிவைக்க சுமார் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் கட்டப்படும் என்று தமிழக அரசின் 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மீனவ கிராமங்களில் இருந்து எதிர்ப்புக் கிளம்பியது.

சென்னைக்குத் தண்ணீர் வேண்டாமா? வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததும், குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததும் யாருக்கு மறக்கும்?

ஆனால் கணக்கில் இன்னொரு வரியையும் எழுத வேண்டும். நீர்த்தேக்கம் என்றால் தண்ணீர் நிற்க வேண்டும். நல்ல தண்ணீராக நிற்க வேண்டும். உப்பும் நன்னீரும் கலந்தால்தான் இறால். வற்றினால்தான் உள்ளானுக்கு உணவு. சரியாக பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீரை நிறுத்தி வைத்தால், பயணத்துக்குக் கொழுப்பு ஏற்ற வேண்டிய நேரத்தில் கடை அடைப்பு!

"வேறு இடம் போகட்டுமே" என்பார்கள். எங்கே? பள்ளிக்கரணைக்கு 2022-ல் சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. தெற்கே மரக்காணம் அருகே கழுவெளி 2021-ல் சரணாலயம் ஆயிற்று, 2024-ல் அதற்கும் ராம்சார் அங்கீகாரம் வந்தது. நடுவில் உள்ள இந்தக் கோவளம் கழிக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை இல்லை. போதாக்குறைக்கு இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. ஒன்றில் தண்ணீர் ஏறியிருக்கும்போது இன்னொன்றில் வற்றியிருக்கும். பறவை இரண்டுக்கும் போகும், வரும்.

கார் கதவைச் சாத்தாதீர்கள்

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விவரம்.

காலை 6 மணியில் இருந்து 9 மணிக்குள் போவது நல்லது. சாலையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நிறம் பளிச்சென்று தெரியும். மாலையில் போனால் கண்ணைக் கூசும். எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

கிழக்கு கடற்கரை சாலையில் வண்டிகள் பறக்கும் வேகம் தெரிந்ததே. பாலத்தின் மேல் நிறுத்தவே கூடாது. கோவளத்தில் இருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் ஓரம் கட்ட இடம் பார்த்து நில்லுங்கள். நின்ற காருக்குப் பறவை அவ்வளவாகப் பயப்படாது. ஆள் இறங்கினால் பயப்படும். கதவை "டமார்" என்று சாத்தினால் கூட்டமே எழும்பிவிடும்.

எழும்பினால் அழகாகத்தான் இருக்கிறது. அதற்காகவே கல் எறிகிற பிள்ளைகளும், ட்ரோன் விடுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் காலையில் தின்ற தீனியில் கொஞ்சம் அங்கேயே எரிந்துபோகிறது. நாலு முறை விரட்டினால் அன்றைய சம்பாத்தியம் காலி.

எட்டு மடங்கு காட்டும் சாதாரண பைனாகுலர் போதும். தலைக்கு மேலே கழுகு மாதிரி ஒன்று வட்டமிட்டு, தொபீர் என்று தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தால் அது விரால் அடிப்பான். அதுவும் வெளியூர் விருந்தாளிதான்.

நேரம் இருக்கிறவர்கள் கல்பாக்கம் தாண்டி முதலியார்குப்பம் வரை போகலாம். படகுத் துறைக்கு அப்பால் ஓதியூர் ஏரியில் பூநாரை நின்றாலும் நிற்கும். கடற்காகங்களின் காப்பி நிறத் தொப்பியைப் பார்க்க அவ்வளவு தூரம் வேண்டாம். கோவளம் மீன் இறங்குகிற இடமே போதும். ஏப்ரல் பிறந்துவிட்டால் அவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும்.