மேசைமேல் வந்தவாசி

சென்ற நவராத்திரியின்போது எங்கள் வீட்டுக்குக் கொலு பார்க்க வந்த பெண்மணி ஒருவர், படிகளுக்கு அருகில் தனியாகப் போடப்பட்டிருந்த பெரிய பலகையை நோக்கி, "இது என்ன சார், பார்க்கா?" என்று கேட்டார். கொலுவுக்குப் பக்கத்தில் பூங்காவும் மலையும் குளமும் அமைப்பது நம் வழக்கமாதலால் அவர் கேட்டதில் பிழையில்லை. "இல்லையம்மா, யுத்தகளம்" என்றேன். அவர் முகம் சற்றே வாடியது. நவராத்திரி நாளில் வீட்டுக்குள் யுத்தமா என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அவருக்கு அன்று நான் நின்றபடியே சொன்ன விடையை இன்று நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிறு பொம்மைகளைச் சேர்த்து, பூட்டி, வண்ணந்தீட்டி, படைகளாக வகுத்து, விதிகளின்படி மேசைமேல் நகர்த்திப் போராடும் விளையாட்டு ஒன்று மேனாடுகளில் உண்டு. இதன் மூத்த தமக்கை நம்முடைய சதுரங்கம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையில் நிறுத்திய முதற் சிந்தனை இந்நாட்டினுடையது. ஆயின் சதுரங்கத்தில் மலையுமில்லை, ஆறுமில்லை, எதிர்பாராத விபத்துமில்லை. இக்குறையைப் போக்கப் பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் தம் அரசருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்தளித்தார்; அவருடைய மகன் 1824-இல் அதைச் செப்பனிட்டு விதிகளுடன் வெளியிட, பிரஷ்யப் படை அதிகாரிகள் அதில் பயிற்சி பெற்றனர். பொதுமக்கள் கைக்கு அதைக் கொணர்ந்தவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். ஈயச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி விளையாடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக 1913-இல் அவர் எழுதினார். பொம்மைப் போரோடு ஒப்பிட்டால் மெய்ப்போர் எத்துணை மூடத்தனமானது என்பதையும் அதிலேயே சொல்லி வைத்தார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் கற்பித்தல் துணைக்கருவிகள் செய்வது கட்டாயம். மணல் தட்டில் மலையும் ஆறும் கோட்டையும் அமைத்துக் காட்டினால் பிள்ளைகள் மனத்தில் பாடம் தங்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மரக்காணத்து உப்பளங்களை அடுத்த பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது அந்த மணல் தட்டை நான் கைவிடவில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே கடப்பாக்கத்தருகில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-இல் அது டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். பிள்ளைகள் அங்கே சென்று விளையாடுகிறார்கள். யார் இடித்தது, எதற்காக இடித்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை, எங்களுக்கு வடமேற்கே வந்தவாசியில் இருக்கிறது. 1760 ஜனவரி 22-ஆம் நாள் அங்கே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதினர். லாலி தோற்றார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் போரை முழுதாக மேசைமேல் அமைத்துவிடுவது என்று துணிந்தேன். முதலில் வந்தது கணக்கு. ஆங்கிலேயர் பக்கம் ஐரோப்பியர் 1,900 பேர், சிப்பாய்கள் 2,100 பேர், நாட்டுக் குதிரைவீரர் 1,250 பேர். பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பியர் 2,250 பேர், சிப்பாய்கள் 1,300 பேர். போரில் கலந்துகொள்ளாமலே நின்ற மராட்டியக் குதிரைப்படை 3,000. ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று வகுத்தேன். மராட்டியரை நீக்கிவிட்டாலும் 176 பொம்மைகள் தேவைப்பட்டன. நிலத்துக்கு வேறு கணக்கு: ஓர் அங்குலத்துக்கு இருபது கஜம். எட்டடிப் பலகையில் ஏறத்தாழ 1,900 கஜம் அடங்கும். துப்பாக்கிக் குண்டு பயனுடன் பாயும் நூறு கஜம் ஐந்து அங்குலமாகும். இரண்டங்குல உயரமுள்ள பொம்மை ஐந்தங்குலத்துக்குச் சுடுவது விந்தையாகத்தான் தோன்றும். இவ்விளையாட்டில் ஆளின் அளவும் நிலத்தின் அளவும் ஒத்துப்போவதில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதத்தை இதைவிடத் தெளிவாக நான் கற்பித்ததில்லை.

பிளாஸ்டிக் பொம்மைகள் பெட்டியாக விற்கின்றன. இப்போது முப்பரிமாண அச்சில் வார்த்தும் தருகிறார்கள். என் பேரன் அப்படிச் சில அனுப்பினான். அழகாக இருந்தன, ஆயின் விலையைக் கேட்டபோது 176 என்ற எண் என்னை அச்சுறுத்தியது. எனவே மண்ணையே நம்பினேன். அளத்து வரப்பிலிருந்து நல்ல கரிய களிமண் கொண்டுவந்து, இருபாதி அச்சில் அழுத்தி, நாற்பது சிப்பாய்களைச் செய்து உலர்த்திச் சுட்டு வண்ணமும் தீட்டிவிட்டேன். பத்தே நாட்களில் அனைவர் உடம்பிலும் வெண்பொடி பூத்தது. சிவப்புச் சட்டை செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்து ஊர்க் குயவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரு பொம்மையை நாவில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "உப்பு மண்ணுலே செஞ்சா உப்புதானே பூக்கும், வாத்தியாரே!" என்றார். மண்ணில் கரைந்திருக்கும் உப்பு ஈரத்தோடு மேற்பரப்புக்கு வந்து, ஈரம் போனபின் படிகமாகித் தங்கி வண்ணத்தைத் தள்ளுகிறது. பாத்தியில் கடல்நீர் வற்றி உப்பு விளைவதும் இதே காரியந்தான். உப்பளத்தின் நடுவே முப்பதாண்டு அறிவியல் கற்பித்தவனுக்கு இது முன்கூட்டித் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு ஏரி வண்டலை எடுத்து, நீரில் கரைத்து வடிகட்டிப் பயன்படுத்தினேன். இந்தச் சிறு உருவத்தில் துப்பாக்கியை மண்ணால் செய்ய முடியாது, ஒடிந்துவிடும். இரும்புக் கம்பி செருகினால் எங்கள் கடற்காற்றில் ஓராண்டுக்குள் துருவேறும். தென்னை ஈர்க்கே தக்கது. மண் ஈரமாயிருக்கும்போதே கையில் துளையிட்டுவிட்டு, சுட்ட பிறகு ஈர்க்கைப் பசையிட்டுச் செருக வேண்டும். முதலில் வெள்ளைப் பூச்சு, அது நன்றாக உலர்ந்தபின் உடல் நிறம், பின் சட்டை, இறுதியில் வார்ப்பட்டை. இந்த வரிசை மாறினால் தூரிகை தடுமாறும். பொம்மைகளைத் தனித்தனியே நகர்த்துவது இயலாத காரியம். ஆகவே ஆறாறு பேராக ஒரு தடித்த அட்டையில் ஒட்டி, அட்டையின்மேல் மணல் தூவிவிடுவேன். விழுந்து ஒடிவதும் இதனால் குறைகிறது.

வண்ணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயர் சிவப்பு, பிரெஞ்சுக்காரர் வெள்ளை என்று எளிதாக நினைத்திருந்தேன். ஆனால் லாலியின் சொந்தப் பட்டாளம் பிரெஞ்சு மன்னருக்கு ஊழியம் செய்த ஐரிஷ் படை. ஐரிஷ் பட்டாளங்களின் சட்டையும் சிவப்பே! ஐரோப்பியப் பட்டாளங்களின் மடிப்புத் துணியின் நிறம் வரை நூல்களில் கிடைக்கிறது. நம் சிப்பாய்களைப் பற்றியோ நான் படித்தவற்றில் எண்ணிக்கைக்குமேல் அதிகமில்லை. கும்பினிச் சிப்பாய்களின் தலைவர்களில் பெயர் நிலைத்தவர் மருதநாயகமாகிய யூசுப்கான். அவரும் அப்போது மதுரைச் சீமையில் இருந்தார். 1764-இல் அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

விளையாட்டு இப்படி நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் நகரும், சுடும். பகடை எண்ணைக் கொண்டு இழப்பைக் கணக்கிடுவோம். பகடை எதற்கு என்பார்க்கு வந்தவாசியே விடை. பிரெஞ்சுப் படையின் இடக்கோடியில் ஒரு குளக்கரை அரணாக இருந்தது. ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு ஒன்று அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் பட்டு அது வெடிக்க, எண்பது பேரளவில் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அந்தக் கலக்கத்தில் மேஜர் பிரேரட்டன் அரணைப் பிடித்தார். அவரும் உயிர் தப்பவில்லை. அதை மீட்க லாலியின் பட்டாளத்தோடு விரைந்த புஸ்ஸி குதிரையை இழந்து சிறைப்பட்டார். ஒரு வண்டி வெடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் மேசையில் இரு பகடையும் ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு.

விடுமுறை நாட்களில் என் பழைய பள்ளியின் பிள்ளைகள் சிலர் விளையாட வருவார்கள். அவர்களுள் ஒருவன் அளத்தில் கூலிவேலை செய்யும் தாயின் மகன். அவனுக்குப் பிரெஞ்சுப் படை வாய்த்தது. மேட்டின்மேல் நிறுத்தப்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் முன்னேற மறுத்தார்கள் என்று வரலாறு சொல்வதால், ஐரோப்பியர் முன்னேறப் பகடையில் மூன்று விழுந்தால் போதும், சிப்பாய்க்கு ஐந்தாவது விழ வேண்டும் என்று நான் விதி எழுதியிருந்தேன். அவன் நான்குமுறை உருட்டியும் சிப்பாய்கள் அசையவில்லை. பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சார், வெள்ளைக்காரனுக்கு மூணு போட்டா போதும். நம்ம ஆளுக்கு மட்டும் ஏன் சார் அஞ்சு போடணும்?"

"அவர்கள் அன்று போகவில்லையப்பா; அதனால்தான்" என்றேன்.

"ஏன் போகலை?"

எனக்கு விடை வரவில்லை. எவரோ எழுதிய ஒரு வரியை நான் விதியாக்கியிருந்தேன். அந்த விதியில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்தது. பயந்தவர்கள் என்று சொல்லாமலே சொல்லியிருந்தேன். அதையும் நம் பிள்ளைகளுக்குப் பகடையாகக் கையில் கொடுத்திருந்தேன். அன்றிரவு மீண்டும் புத்தகங்களைப் புரட்டினேன். போருக்கு மூன்று மாதம் முன்பு, 1759 அக்டோபரில், அதே வந்தவாசியில் லாலியின் ஐரோப்பியச் சிப்பாய்களே பல மாதச் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்து அணியை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். இதை நான் முன்பே படித்திருந்தவன்தான். மேட்டின்மேல் நின்ற சிப்பாய்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மன்னரின் பட்டாளத்துக்கே கூலி கொடுக்க வழியில்லாத பண்டாரம் நாட்டுச் சிப்பாய்க்கு மட்டும் ஒழுங்காகக் கொடுத்திருக்குமா? அவர்கள் நின்றதற்கு அதுவே காரணமென்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் கோழைத்தனம் என்று சாதிப்பதற்கு அதைவிடக் குறைந்த ஆதாரமே இருக்கிறது.

மறுவாரம் விதியை மாற்றினேன். தோல் நிறத்தைப் பொறுத்த எண் போயிற்று. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் சீட்டெடுத்து, எத்தனை மாதச் சம்பளப் பாக்கி என்று குறித்துக்கொள்வோம். பாக்கி ஏற ஏற முன்னேறுவதற்கான எண்ணும் ஏறும்; வெள்ளையனுக்கும் அதே கணக்கு. பிள்ளைகளுக்கு இவ்விதியை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கி, தை வரையில் அளத்தில் வேலையில்லை என்பதை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்.

அந்தப் பையன் சென்ற மழைக்காலத்தில் தானாகவே ஒரு பொம்மை செய்து கொணர்ந்தான். தலைப்பாகையுடன் சப்பணமிட்டு அமர்ந்த கணக்குப்பிள்ளை. எதிரே ஒரு பெட்டி. சுட்டபோது மண் சுருங்கியதால் பெட்டியின் மூடி பொருந்தாமல் திறந்தே நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. பிரெஞ்சு அணிக்குப் பின்னால், குளக்கரைக்குச் சற்று இப்பால் அவனை வைத்திருக்கிறோம். கொலு பார்க்க வந்த அந்த அம்மாள் நெடுநேரம் குனிந்து நோக்கியது அந்தப் பொம்மையைத்தான்.