உழைப்புக்கு ஊணும் உறையுளும்

நம் சங்கக் குடும்பங்களில் படிப்பை முடித்த பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக ஒரு புது விருப்பத்தைச் சொல்கின்றனர். வெளிநாட்டில் ஏதாவதொரு கிராமத்துப் பண்ணையில் தங்கி, களை பறித்து, ஆடு மாடு கவனித்து, அதற்கு ஈடாகச் சாப்பாடும் படுக்கையும் பெற்று, இரண்டு மூன்று மாதம் ஊர் பார்த்துத் திரும்ப வேண்டுமாம். சாலை பஜாரில் தலைமுறைகளாக வாணிபம் செய்யும் பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. "பொறியியல் படித்தவன் கூலியில்லாமல் மண் வெட்டுவதா?" என்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஏற்பாடு இன்னதென்று தெரிந்துகொண்டு மறுப்பதோ சம்மதிப்பதோ நல்லது.

இதைத் தொடங்கி வைத்தவர் லண்டனில் அலுவலகச் செயலராகப் பணியாற்றிய சூ கப்பார்ட் என்ற பெண்மணி. கிராமத்துக் காற்றுக்கு ஏங்கிய அவர், 1971-இல் சசெக்ஸ் பகுதியிலுள்ள எமர்சன் கல்லூரியின் பண்ணைக்குச் சிலரை வார இறுதியில் அழைத்துச் சென்றார். இரசாயன உரமில்லாத விவசாயத்துக்கு ஆள்பலம் அதிகம் வேண்டும். நகரவாசிக்கோ மண் வேண்டும். இரண்டும் பொருந்திப் போயின. 'வூஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பு இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. உறுப்பினர் கட்டணம் செலுத்தினால் பண்ணைகளின் பட்டியல் கிடைக்கும். பிறகு பண்ணைக்காரருக்கு நாமே எழுதிக் கேட்க வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வேலை. பணம் எந்தப் பக்கமும் கைமாறாது.

சிக்கல் பண்ணையில் இல்லை, விமான நிலையத்தில் இருக்கிறது. பணம் வாங்காததால் அது வேலையாகாது என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். பல நாடுகளின் குடிநுழைவு அதிகாரிகள் அப்படி எண்ணுவதில்லை. நியூசிலாந்தில் தங்குமிடத்துக்காக உழைப்பதும் வேலைதான்; அதற்கு வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். பிரிட்டனில் சுற்றுலா விசாவில் வருபவர் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் மட்டும், மொத்தம் 30 நாட்களுக்கு மேற்படாமல் தொண்டு செய்யலாம். தனியார் பண்ணை அந்தக் கணக்கில் வராது. இந்த அமைப்பின் பெயரிலேயே ஒரு காலத்தில் 'வேலையாட்கள்' என்ற சொல் இருந்தது; குடியேற்றத் தொழிலாளர் என்று அதிகாரிகள் குழப்பிக்கொண்டதால் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே சுற்றுலா என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கேட்கும் இடத்தில் "பண்ணையில் வேலை செய்யப் போகிறேன்" என்று வெள்ளந்தியாகச் சொல்லும் பிள்ளை அடுத்த விமானத்தில் திரும்பி வர நேரலாம். அந்த மறுப்பு பின்னால் மேற்படிப்புக்கு விசா கேட்கும்போதும் குறுக்கே நிற்கும். பொய் சொல்லி நுழைவது இதைவிட மோசம்.

முறையான வழியும் இல்லாமலில்லை. விடுமுறையோடு வேலையும் செய்ய அனுமதிக்கும் விசாவை ஆஸ்திரேலியா 2024-இல் இந்தியர்களுக்குத் திறந்தது. வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1000 பேர், குலுக்கல் முறை. அதே ஆஸ்திரேலியா, கூலியில்லாத பண்ணை வேலையைக் காட்டி இரண்டாம் ஆண்டு விசா பெறும் வழியை 2015 டிசம்பரில் அடைத்தது. விசாவுக்காக எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று இளைஞர்களைச் சில முதலாளிகள் சக்கையாகப் பிழிந்ததே காரணம்.

ரயில்வேயில் கேங்மேனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஸ்லீப்பர் பேக்கிங் என்று அளவு உண்டு. இங்கே அப்படி எதுவும் கிடையாது. எனவே எத்தனை மணி, என்ன வேலை, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, தனி அறையா கூடாரமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவக் காப்பீடு, திரும்பும் டிக்கெட், பிடிக்காவிட்டால் வெளியேறி ஒரு வாரம் விடுதியில் தங்கப் பணம் ஆகிய மூன்றும் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது என் கருத்து. பெண் பிள்ளைகள் அங்கே முன்பு தங்கியவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இதற்கெல்லாம் முன் ஒரு சோதனை ஓட்டம் உண்டு, விசாவும் தேவையில்லை. ஆரோவில்லில் 2003-இல் இஸ்ரேலிலிருந்து வந்த ரோசின் தம்பதியர் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில், வறண்ட செம்மண் நிலத்தில் வரப்பிட்டு மழைநீரைத் தேக்கி, மரம் நட்டுக் காடு வளர்க்கிறார்கள். பல நாட்டு இளைஞர்கள் நம் பக்கத்துக்கே வந்து அங்கே தொண்டு செய்கின்றனர். இங்கிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விழுப்புரத்தில் இறங்கிப் பஸ்ஸில் போகலாம். விடியற்காலையில் மண்வெட்டி பிடிக்கப் பிள்ளைக்குச் சரிப்படுமா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.